பஸ்டருக்கு எழுதியது புல்ஸ்ஐக்கு ஆகாது

டெபியன் போன்ற திறமூல இயங்குதளத்தின் நிறுவல் குறிப்பு, எழுதிய அன்று பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். குறிப்பு நின்ற இடத்திலேயே நிற்க, மென்பொருள் நகர்ந்துவிடுகிறது. அதைத் திருத்துபவர் ஒரு வெற்றுக் கணினியை எடுத்து, எதுவும் தெரியாதவர்போல ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்க்கவேண்டும். சலிப்பான வேலை, குறுக்குவழி கிடையாது.

2021 ஆகஸ்டில் ‘புல்ஸ்ஐ’ என்ற பெயரில் வந்த டெபியன் 11ஐ எடுத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு இற்றைகள் வரும் களஞ்சியத்தின் பெயர் அதற்கு முந்திய பதிப்பான பஸ்டரில் ‘பஸ்டர்/அப்டேட்ஸ்’ என்றிருந்தது. 11இல் ‘புல்ஸ்ஐ-செக்யூரிட்டி’ ஆனது. பழைய வரியில் பஸ்டரை எடுத்துவிட்டுப் புல்ஸ்ஐ என்று மட்டும் போட்டால், அப்படியொரு களஞ்சியமே இல்லையென்று கணினி கைவிரிக்கும். பதிப்பின் பெயரோடு பெயர் அமையும் முறையும் மாறியதா என்று பார்க்கத் தெரிந்தவரே நல்ல திருத்துநர்.

வைஃபை விடயம் இன்னும் சிக்கலானது. பல மடிகணினிகளின் வைஃபை சில்லு இயங்க உற்பத்தியாளர் தரும் ஃபேர்ம்வேர் என்ற மென்பொருள் வேண்டும். அதன் மூலநிரல் திறந்ததல்ல என்பதால் டெபியன் அதை அதிகாரபூர்வ நிறுவல் படிமத்தில் சேர்க்காமல் இருந்தது. அதிகாரபூர்வமற்ற படிமத்தைத் தேடி இறக்குங்கள், ஃபேர்ம்வேரை வேறொரு யூஎஸ்பியில் வைத்திருங்கள் என்ற அறிவுரைகள் பெருகியது அதனால்தான். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து, சேர்ப்பதில்லை என்ற முடிவை மாற்றினார்கள். 2023 ஜூன் 10இல் வெளியான டெபியன் 12 முதல் ஃபேர்ம்வேர் படிமத்திலேயே வருகிறது. களஞ்சியத்திலும் ‘நான்-ஃப்ரீ’ பகுதியைவிட்டு ‘நான்-ஃப்ரீ-ஃபேர்ம்வேர்’ என்ற தனிப் பகுதிக்குப் போய்விட்டது.

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றரில் உள்ள நிலாவெளியில், கைத்தொலைபேசி டேட்டாவை நம்பி நிறுவ உட்காருபவருக்கு அந்தப் பழைய அறிவுரை காசைத் தின்னும். டெபியன் 12இன் சிறிய படிமமே 600 மெகாபைட்டுக்கு மேல். தவறானதை இறக்கினால் மறுபடியும் அவ்வளவு. தேவையற்றுப்போன படியை வெட்டி எறிவதுதான் இங்கே திருத்தம். பலர் வெட்ட மனமில்லாமல் அதன் கீழே ‘கவனிக்க’ என்று ஒரு பத்தியை ஒட்டிவிடுகிறார்கள். படிப்பவர் முதற்பத்தியைச் செய்து முடித்த பிறகே இரண்டாவதுக்கு வருவார்.

டெபியனின் நிறுவல் கையேடு டாக்புக் எக்ஸ்எம்எல் வடிவில் எழுதப்படுகிறது. மொழிபெயர்ப்புக் கோப்புகளில், ஆங்கில மூலம் மாறிய பத்தி ‘ஃபஸி’ என்று குறிக்கப்படும். யாராவது சரிபார்க்கும்வரை அங்கே ஆங்கிலமே தோன்றும். பிழையான தமிழைவிட அது மேல். நிறுவியின் திரைகள் தமிழிலும் உண்டு, ஆனால் வரைகலை நிறுவியில் மட்டும். எழுத்துத் திரை நிறுவியில் தமிழ் எழுத்துகள் தெரியா. தமிழில் குறிப்பு எழுதுபவர் இதையும், எந்தப் பதிப்புக்கு எந்தத் தேதியில் எழுதினார் என்பதையும் தலைப்பின் கீழேயே சொல்லிவிடவேண்டும்.

கையேட்டின் மூலக்கோப்புகள் முன்பு டெபியனின் ஆலியோத் தளத்தில் இருந்தன. 2018இல் அது மூடப்பட்டு, வேலை சால்சா என்ற தளத்துக்கு மாறியது. ஆலியோத் முகவரிக்குத் திருத்தம் அனுப்பச் சொல்லும் குறிப்பு எதுவானாலும் அதுவே திருத்தப்படவேண்டியது. கையேட்டில் பிழை கண்டவர் ‘இன்ஸ்டலேஷன்-கைட்’ என்ற பொதியின் பெயரைக் குறிப்பிட்டு டெபியனின் வழுப்பதிவகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். அதற்குக் கணக்குத் தொடங்கத் தேவையில்லை.