ஒரு பாயிண்ட்டும் பன்னிரண்டு ரன்னும்

போன சனிக்கிழமை மதியம் அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, சாயங்காலம் சும்மாதானே இருக்கீங்க? உப்பளம் வந்துடுங்க. எங்க காலேஜ் பைனல்."

நாம என்னைக்கு சும்மா இல்லாம இருந்தோம்? வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்.

காலேஜ்களுக்கு இடையிலான பேஸ்கட்பால். பையன் டீம்ல இல்லை, கத்துற கோஷ்டியில இருக்கான். தகர டப்பா, விசில், தொண்டை. இந்த மூணும்தான் அவனோட தகுதி. எதிர் டீம் காரைக்கால்ல இருந்து வந்திருந்தது. சும்மா சொல்லக் கூடாதுங்க, பிரமாதமான மேட்ச். யாரும் அஞ்சு பாயிண்ட்டுக்கு மேல முன்னாடி போகவே இல்லை. கடைசி நிமிஷத்துல உட்கார்ந்திருந்தவன் ஒருத்தன் கூட இல்லை, நான் உட்பட.

58 - 57. நாம ஒரு பாயிண்ட் கம்மி. நாலு செகண்ட் பாக்கி. நம்ம பையன் ஒருத்தன் உள்ளே புகுந்து போட எகிறினப்ப ஃபவுல். ரெண்டு ஃப்ரீ த்ரோ. ஒண்ணு போட்டா சமம், ரெண்டும் போட்டா கோப்பை.

ஃப்ரீ த்ரோன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: போர்டுல இருந்து 4.6 மீட்டர் தள்ளி ஒரு கோடு. அங்கே நின்னு போடணும். யாரும் குறுக்கே வர மாட்டாங்க, யாரும் கையைத் தூக்க மாட்டாங்க. ரிங் 3.05 மீட்டர் உயரத்துல. ரிங்கோட அகலம் 45 சென்டிமீட்டர், பந்தோட அகலம் சுமார் 24. கிட்டத்தட்ட ரெண்டு பந்து போகிற இடம். பார்க்கிறவனுக்கு, "இதைக் கூடவா போட முடியாது?"ன்னு தோணும். அதுதான் அதுல இருக்கிற கொடுமை.

முதல் பந்து ரிங்ல ஒரு சுத்து சுத்தி வெளியே விழுந்தது. ரெண்டாவது ரிங்கோட முன் விளிம்புல அடிச்சுத் திரும்பிடுச்சு. ரீபவுண்ட் அவங்க கையில. விசில். முடிஞ்சது.

டப்பா சத்தம் சட்டுனு நின்னுச்சு. அந்த ஃப்ரீ த்ரோ பையன் கோட்டு மேலயே நின்னுக்கிட்டிருந்தான். அப்ப காரைக்கால் டீம்ல இருந்து ஒரு பையன் ஓடி வந்து அவனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான்.

வெளியே டீக்கடைக்கு வந்தோம். பத்துப் பன்னிரண்டு பசங்க. முதல்ல ரெஃப்ரிக்கு அர்ச்சனை. "மூணாவது குவார்ட்டர்ல அது ஃபவுலா சார்? நீங்களே சொல்லுங்க!" நானும் கொஞ்சம் ஒத்து ஊதினேன், பொய் சொல்ல மாட்டேன். அடுத்து கோச்சுக்கு. கடைசி டைம் அவுட்டை ஏன் அவ்வளவு சீக்கிரம் எடுத்தாரு? அப்புறம் மெதுவா பேச்சு திரும்புச்சு.

"அவன் காரைக்கால்காரன்தானே மாமா. ஸ்கூல்ல அந்த டீம் பசங்களோட ஒண்ணா ஆடினவன். பார்த்தீங்கல்ல, எப்படிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான்னு? வேணும்னேதான் விட்டிருக்கான்."

சொன்னது என் அக்கா பையன். மத்தவங்க தலையாட்டினாங்க. எனக்கு டீ இறங்கலை.

ஏன்னா, இதே வார்த்தையை இதை விட மோசமா நான் ஒரு தடவை சொல்லியிருக்கேன்.

1999 ஜனவரி. நான் அப்ப பி.காம் கடைசி வருஷம். சேப்பாக்கத்துல இந்தியா - பாகிஸ்தான் டெஸ்ட். 1987 பெங்களூர் டெஸ்ட்டுக்கு அப்புறம் பாகிஸ்தான் இந்தியாவுல டெஸ்ட்டே ஆடலை. அந்த பெங்களூர் மேட்ச்சும் அப்படித்தான், கவாஸ்கர் தன் கடைசி டெஸ்ட்டுல 96 அடிச்சும் நாம 16 ரன்னுல தோத்தோம். 98 மே மாசம் ரெண்டு நாடும் அணுகுண்டு சோதனை பண்ணியிருந்தது. பாகிஸ்தான் ஆடக் கூடாதுன்னு டெல்லி கோட்லா மைதானத்துல பிட்சையே தோண்டிப் போட்டிருந்தாங்க. அப்படி ஒரு நேரம்.

என் கிளாஸ்மேட் ஒருத்தன், முல்லா வீதிக்காரன். அவனோட சித்தப்பா வீடு திருவல்லிக்கேணியில, ஸ்டேடியத்துக்கு நடக்கிற தூரம். "டிக்கெட்டுக்கு சித்தப்பா ஏற்பாடு பண்ணிட்டாரு, வாடா"ன்னான். இப்ப மாதிரி ஈ.சி.ஆர்-ல ஏசி பஸ்ஸெல்லாம் இல்லை. திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டுன்னு சுத்திக்கிட்டு நாலு மணி நேரத்துக்கு மேல. கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு 2002-லதான் வந்தது. அப்போ பாரீஸ்லதான் இறங்கணும். சனிக்கிழமை ராத்திரி சித்தி போட்ட பிரியாணியை ஒரு கட்டு கட்டிட்டு, மொட்டை மாடியில படுத்துக்கிட்டு, விடிய விடிய கணக்குப் போட்டோம். ஜெயிக்க 271. அப்ரிடி 141 அடிச்சதால வந்த வினை. ஆனா வெங்கடேஷ் பிரசாத் ரன்னே கொடுக்காம அஞ்சு விக்கெட் எடுத்து, 6 விக்கெட்டுக்கு 33 ரன்னுன்னு முடிச்சு, மேட்ச்சை நம்ம பக்கம் திருப்பியிருந்தார்.

ஜனவரி 31, ஞாயித்துக்கிழமை. நாலாவது நாள். காலையில சரசரன்னு விக்கெட் போச்சு. கங்குலி கேட்ச், பந்து தரையில பட்டு எகிறினதுன்னு இன்னைக்கும் சொல்றவங்க உண்டு. 82-க்கு 5. பக்கத்துல ஒரு பெரியவர் டிபன் பாக்ஸை மூடிட்டுக் கிளம்பியே போயிட்டார். பாவம்.

அப்புறம் சச்சினும் மோங்கியாவும். ஆறாவது விக்கெட்டுக்கு 136 ரன். சச்சினுக்கு முதுகுவலி. ஒவ்வொரு ஓவர் முடிஞ்சதும் முதுகைப் பிடிச்சுக்கிட்டுக் குனிவார், எங்களுக்கு வயித்தைக் கலக்கும். மோங்கியா 52-ல அவுட். சச்சின் நிறுத்தலை. வேணும்ங்கிற ரன் ஐம்பது, முப்பது, இருபதுன்னு இறங்கிக்கிட்டே வந்தது. என் நண்பன் என் தோளைப் பிடிச்ச பிடியில ரெண்டு நாள் கன்னிப் போயிருந்தது.

17 ரன் வேணும். சக்லைன் பந்தைத் தூக்கி அடிச்சார். மேலே போச்சு... போச்சு... கீழே வாசிம் அக்ரம். 136. அவ்வளவு பெரிய ஸ்டேடியத்துல மூச்சு விடுற சத்தம் கேட்டது. அதுக்கப்புறம் 4 ரன்னுல மிச்ச மூணு விக்கெட்டும் போச்சு. 258 ஆல் அவுட். 12 ரன்.

அப்ப நடந்ததைத்தான் எல்லாரும் இன்னைக்கும் பேசுறாங்க. கொஞ்ச நேரம் யாரும் அசையலை. அப்புறம் எங்கேயோ ஒரு மூலையில கை தட்டு ஆரம்பிச்சு, ஸ்டேடியமே எழுந்து நின்னு பாகிஸ்தான் டீமுக்குக் கை தட்டுச்சு. அவங்களும் மைதானத்தைச் சுத்தி ஓடி வந்தாங்க. 'சென்னை ரசிகர்கள் மாதிரி உண்டா'ன்னு படிச்சிருப்பீங்க. நிஜம்தான், நான் பார்த்தேன். ஆனா என்னைப் பத்தி எங்கேயும் வராத ஒரு தகவலை இங்கே சொல்லிடறேன். நான் எழுந்திரிக்கலை. கை தட்டலை. என் பக்கத்துல இருந்தவன் எழுந்து தட்டினான், கண்ணுல தண்ணி வழிய வழிய.

பாரீஸ்ல பஸ் ஏறினோம். தாம்பரம் தாண்டுற வரைக்கும் ரெண்டு பேரும் பேசலை. அப்புறம் அவன், "என்ன இருந்தாலும் சக்லைன் போட்ட அந்த ஸ்பெல் இருக்கே..."ன்னு ஆரம்பிச்சான்.

நான் சொன்னேன்: "உனக்கென்னடா, ஜெயிச்சது உங்க டீம்தானே."

தமாஷுக்கு இல்லை. காயப்படுத்தணும்னுதான் சொன்னேன். முந்தின நாள் ராத்திரி அவன் வீட்டுச் சோறு சாப்பிட்டவன், அவன் வாங்கிக் கொடுத்த டிக்கெட்ல மேட்ச் பார்த்தவன். அன்னைக்கு நாற்பதாயிரம் பேருக்கு மேல கை தட்டியிருப்பாங்க. அதுல ஒருத்தன்கிட்ட மட்டும் நான் கணக்குக் கேட்டேன். ஏன் அவன்கிட்ட மட்டும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவன் ஒண்ணும் சொல்லலை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். திண்டிவனத்துல பஸ் நின்னப்ப இறங்கிப் போய் ரெண்டு டீ வாங்கிட்டு வந்து ஒண்ணை என் கையில கொடுத்தான். அந்த டீ சூடு இன்னும் கையில இருக்கு.

மூணு வாரம் கழிச்சு கொல்கத்தா. அதே ரெண்டு டீம். ஷோயப் அக்தர் மேல மோதி சச்சின் ரன் அவுட். கூட்டம் கல்லையும் பாட்டிலையும் எறிஞ்சு, கடைசி நாள் ரசிகர்களை வெளியே அனுப்பிட்டுக் காலி ஸ்டேடியத்துல மேட்ச்சை முடிச்சாங்க. 46 ரன்னுல தோத்தோம். காலேஜ் கேன்டீன்ல எல்லாரும், "சே, என்ன ஜனங்கடா, சேப்பாக்கத்தைப் பார்த்துக் கத்துக்கணும்"னு பேசினாங்க. நானும் பேசினேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான்.

50 ரன்னுல தோத்திருந்தா நான் அப்படிப் பேசியிருப்பேனா? மாட்டேன்னுதான் நினைக்கிறேன். மொத்தமா உதை வாங்கினா மனசு ஒத்துக்கும். மயிரிழையில போனாத்தான், 'அது மட்டும் நடந்திருந்தா'ன்னு ராட்டினம் சுத்த ஆரம்பிக்குது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ்ல மெடல் வாங்கினவங்க முகத்தை வீடியோவுல பார்த்து அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி பண்ணி 1995-ல எழுதினாங்க. வெள்ளி வாங்கினவங்களை விட வெண்கலம் வாங்கினவங்கதான் சந்தோஷமா இருந்தாங்களாம். வெள்ளிக்காரனுக்குத் தங்கம் போச்சேன்னு, வெண்கலக்காரனுக்கு மெடலாவது கிடைச்சதேன்னு. 1984-ல பி.டி.உஷா செகண்ட்ல நூத்துல ஒரு பங்குல வெண்கலத்தை விட்டாங்க, நாடே இன்னும் அதைப் பேசுது. பேஸ்கட்பால்லயே 1972 ம்யூனிக் பைனல். கடைசி மூணு செகண்டைத் திரும்பத் திரும்ப ஆட விட்டு, சோவியத் 51 - 50-ன்னு ஜெயிச்சது. அமெரிக்க டீம் வெள்ளி மெடலை வாங்க மாட்டோம்னுடுச்சு. அதுக்கப்புறமும் வாங்கவே இல்லை.

நம்ம ஊர்ல மட்டும் என்ன? 2006 உலகக் கோப்பை பைனல் ராத்திரி, எதிர் வீட்டு சொல்தா தாத்தா, ஃப்ரான்ஸ் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குறவர், ஜிதான் தலையால முட்டி சிவப்பு அட்டை வாங்கினதும் டி.வி.யை அணைச்சிட்டார். பெனால்டி ஷூட் அவுட்டைப் பார்க்கவே இல்லை. இத்தாலி 5 - 3. மறுநாள் காலையில அவர் தெருவுல யாரோடயும் பேசலை, பால்காரர் உட்பட. ஆனா அந்தக் கோபம் அவர் வாசப்படி தாண்டி வரலை. அதுக்கு ஒரு சலாம் போடணும்.

திரும்ப டீக்கடைக்கு வருவோம். எனக்கு ஸ்கோர் எழுதுற பழக்கம் உண்டு, கிரிக்கெட்ல வந்த வியாதி. அன்னைக்கும் துண்டு நோட்டீஸ் பின்னாடி கிறுக்கி வெச்சிருந்தேன். அதை மாப்பிள்ளைகிட்ட நீட்டினேன்.

"எண்ணுடா. உங்க டீமுக்கு மொத்தம் எத்தனை ஃப்ரீ த்ரோ?"

"19."

"போட்டது?"

"8."

"விட்டது 11. அதுல அந்தக் காரைக்கால்காரன் விட்டது எத்தனை?"

எண்ணினான். "மூணு."

"மிச்ச எட்டை விட்டது யாரு, பாகூர்க்காரனா, வில்லியனூர்க்காரனா? அவங்களும் வேணும்னே விட்டாங்களா? அவன் மொத்தம் போட்ட பாயிண்ட் எவ்வளவுன்னு பாரு. 17. அவன் இல்லைன்னா கடைசி நாலு செகண்டுன்னு ஒண்ணு உங்களுக்கு வந்திருக்கவே வராது."

ஒண்ணும் பேசலை. வண்டியில வீட்டுக்குக் கொண்டு போய் விடுறப்ப, பீச் ரோட்டுல நிறுத்தி, அந்த பஸ் கதையைச் சொன்னேன். என் பொண்டாட்டிக்குக் கூட முழுசா சொன்னதில்லை. அவன் கேட்டான், "அப்புறம் அவர்கிட்ட சாரி சொன்னீங்களா மாமா?"

சொன்னேன். பன்னிரண்டு வருஷம் கழிச்சு. 2011 ஏப்ரல் 2, தோனி சிக்ஸ் அடிச்சுக் கோப்பை வாங்கின ராத்திரி, துபாய்ல இருந்து முதல் போன் அவன்கிட்ட இருந்துதான் வந்தது. ரெண்டு பேரும் லூசு மாதிரி கத்தினோம். கத்தி முடிச்சதும், "டேய், அன்னைக்கு பஸ்ல நான்..."ன்னு ஆரம்பிச்சேன். "என்ன பஸ்ஸு? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லடா"ன்னான். சக்லைன் எந்த ஓவர்ல எந்தப் பந்து போட்டான்னு ஞாபகம் வெச்சிருக்கிறவன் அவன். பெரிய மனசுக்காரன், பொய் சொல்றான். ஆனா மன்னிச்சுட்டேன்னு சொல்லலை பாருங்க. அதையும் நான் கவனிச்சேன்.

புதன்கிழமை மாப்பிள்ளை போன் பண்ணினான். அந்தப் பையன் தினம் சாயங்காலம் காலேஜ் கிரவுண்டுல தனியா நின்னு நூறு ஃப்ரீ த்ரோ போடுறானாம். இவன் போய் ரிங்குக்குக் கீழே நின்னானாம்.

"பேசினியாடா?"

"சாரி சொன்னேன் மாமா. அவன் பதில் சொல்லலை. ஆனா பந்தை எடுத்துக் கொடுத்தா வாங்கிக்கிறான்."

போதும். எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு, இவனுக்கு நாலு நாள்.

டிஸ்கி: எல்லாம் சரி, மூணாவது குவார்ட்டர்ல கொடுத்தது ஃபவுலே இல்லைங்க. அதை மட்டும் நான் விடறதா இல்லை :-)