பசை காயும் நேரம்

எங்கள் தாத்தாவின் ரூல்தடி 38 செ.மீ. நீளம் உடையது. ஈட்டி மரத்தில் கடைந்த உருளை. பருமன் ஒரு பெருவிரல் அளவு. அம்மாவின் தந்தையாகிய அவர் கிராமக் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அடங்கலிலும் சிட்டாவிலும் பத்தி பிரிக்கும் கோடுகளை எல்லாம் அந்தத் தடியை உருட்டி உருட்டியே இழுத்தார். 1980-இல் தமிழக அரசு பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தபோது அவருடைய வேலை போயிற்று. தடியின் வேலையும் போயிற்று. அதன் பிறகு பேரப்பிள்ளைகளான எங்களை அடக்குவதற்கே அது பயன்பட்டது.

அக்காவும் தம்பியுமான நாங்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தவை மிகச் சில பொருள்களே. அண்டாவும் குத்துவிளக்கும் சிக்கலின்றிப் பிரிந்தன. ரூல்தடி மட்டும் இருவருக்கும் வேண்டியிருந்தது. அதை அறுக்கவும் மனமில்லை, விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. ஓராண்டு அது அம்மாவின் அலமாரியில் கிடந்தது. பிறகு எங்களில் மூத்தவள் ஒரு வழி சொன்னாள்: பேனாக்களாகக் கடைந்துவிடலாம், அம்மாவுக்கு ஒன்று, எங்களுக்கு ஆளுக்கொன்று.

மரப்பேனா செய்வதற்கான உதிரிப் பாகங்கள் இப்போது பெட்டியாகவே கிடைக்கின்றன. முனை, கிளிப், ரீஃபிலைத் திருகி வெளியே கொண்டுவரும் பொறி, இரண்டு பித்தளைக் குழல்கள் ஆகியவை அதில் இருக்கும். மரக்கட்டையில் 7 மி.மீ. துளையிட்டு, குழலை உள்ளே ஒட்டி, பிறகு லேத்தில் ஏற்றி வெளிப்புறத்தைக் கடைய வேண்டும். குழல் எதற்கு என்று முதலில் எங்களுக்கும் விளங்கவில்லை. ராஜமுந்திரியிலும் திருவள்ளூரிலும் கையால் கடையும் எபோனைட் பேனாக்களில் இத்தகைய குழல் கிடையாது. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். அதிலேயே நேராக மரை வெட்டிவிடலாம். மெல்லிய மரம் அதைத் தாங்காது. கடைந்து முடித்தபின் ஓரங்களில் பித்தளையின்மேல் நிற்கும் மரம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. பாகங்களை அழுத்திச் செருகும்போது அந்த விசையை வாங்குவது குழல்தான். பசை பிடிக்காத இடம் ஒன்று இருந்தால், கடையும்போதே அந்த இடத்து மரம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். ஆகவே, வெளியே தெரியாத பசைதான் பேனாவைக் காக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு குழல் சுமார் 53 மி.மீ.; முனைகளைச் சமன்செய்யச் சற்றே கூடுதலாக விட வேண்டும். ஆறு துண்டுகள் போக எஞ்சுவது நான்கு செ.மீ.க்கும் குறைவு. ஒரு துண்டு கெட்டால் மாற்றுத் துண்டு கிடையாது.

கெட்டது.

முதலில் நாங்கள் எடுத்தது நொடியில் ஒட்டும் பசை. வேதியியலில் அதற்குச் சயனோஅக்ரிலேட் என்று பெயர். 1942-இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரி கூவர் என்பவர், துப்பாக்கிக் குறிபார்வைக்கு ஏற்ற தெளிவான பிளாஸ்டிக்கைத் தேடுகையில் இது கையில் அகப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறதென்று ஒதுக்கிவிட்டார்கள். 1951-இல் அவருடைய குழுவினர் அதன் ஒளிவிலகலை அளக்க முயன்றபோது, விலையுயர்ந்த கருவியின் இரண்டு பட்டகங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதன் பிறகே இது பசை என்று கண்டார்கள். 1958-இல் விற்பனைக்கு வந்தது. பரப்புகளின்மேல் இருக்கும் இம்மியளவு ஈரமே இதை இறுகவைக்கப் போதும். படலம் எத்தனை மெல்லியதோ அத்தனை விரைவில் இறுகும்.

இந்தக் கடைசி உண்மையை நாங்கள் படித்திருந்தோம். கைக்கு அது ஏறவில்லை. வேப்பங்கட்டைகள் இரண்டில் ஒத்திகை பார்த்தோம், நன்றாகவே வந்தது. ரூல்தடியின் முதல் துண்டும் வந்தது. இரண்டாவது துண்டில் எங்களில் இளையவன் குழலைப் பாதி செருகிவிட்டு, பசை மறுபுறம் வழிகிறதா என்று பார்க்க ஒரு கணம் நிறுத்தினான். அந்த ஒரு கணமே போதுமாக இருந்தது. குழல் முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. அசிட்டோனில் ஊறவைத்தால் பசை இளகும் என்பதை அறிந்திருந்தும் அதற்குப் பொறுமையில்லை. மரச்சுத்தியலால் தட்டினான். ஈட்டி நார்வாக்கில் விரிந்தது. மூத்தவள் ஒன்றும் சொல்லாமல் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். அவள் ஏசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அன்றைக்கு வேலையை நிறுத்தினோம். மறுநாள் கடைசல் பட்டறைக்குப் போனோம். கட்டில்கால்களும் தொட்டில்கம்புகளும் கடைந்து நாற்பது ஆண்டுகளைக் கழித்த ஆசாரி, விரிந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் பழகிய காலத்தில் பசையென்றால் வஜ்ஜிரம்தான். மாட்டுத்தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்தது, சூடாகத் தடவ வேண்டியது. "தம்பி, மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். பித்தளைக்கு மழையும் தெரியாது வெயிலும் தெரியாது. நடுவுல இருக்கிறது ரெண்டு பேருக்கும் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கணும். இது கண்ணாடி மாதிரி விறைச்சு நிக்குது" என்றார். சயனோஅக்ரிலேட் இழுவிசையைத் தாங்கும்; அதிர்ச்சியைத் தாங்காது என்று புத்தகங்கள் சொல்வதையே அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்துச் சொன்னார்.

ஈரத்தை உறிஞ்சி நுரைத்துப் பெருகும் பாலியூரித்தேன் பசையையும் எண்ணிப் பார்த்தோம். அது இடுக்குகளையெல்லாம் நிரப்பும். ஆனால் பெருகும்போது கவனியாவிட்டால் குழலையே வெளியே தள்ளும். இன்னொரு துண்டை இழக்க எங்களுக்குத் துணிவில்லை.

எஞ்சியது எபாக்சி: ராளம் ஒரு குழாயிலும் இறுக்கி ஒரு குழாயிலுமாக வருவது. சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்தான் என்பவர் 1930-களில் செயற்கைப் பல்லுக்கான பொருளைத் தேடிக் கண்ட இது, 1946-இல் சீபா நிறுவனத்தின் வழியே அரால்டைட் என்னும் பெயரில் பசையாக வெளிவந்தது. இதிலும் இருவகை உண்டு. ஐந்து நிமிடத்தில் இறுகுவது ஒன்று. ஒரு மணி நேரத்துக்கு மேலும் இளக்கமாக இருந்து மறுநாளே முழு வலிமை பெறுவது மற்றொன்று. மெதுவாக இறுகுவதே பொதுவாக வலிமை மிக்கது. மலிவான கட்டைகளில் நாளுக்குப் பத்துப் பேனா செய்பவருக்கு நொடிப்பசையே ஏற்றது. கை பழகியவர்கள் அதில் தவறுவதில்லை. எங்களிடம் இருந்தவை நான்கு துண்டுகளும் பழகாத கைகளும். ஆகவே மெதுவானதையே எடுத்தோம். அதன் வலிமையைவிட, பிழை செய்தால் திருத்திக்கொள்ள அது தரும் நேரமே எங்களுக்கு வேண்டியிருந்தது.

குழல்களை உப்புத்தாளில் தேய்த்து அவற்றின் மினுக்கத்தைப் போக்கினோம்; வழுவழுப்பான பித்தளையில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. ஈட்டி எண்ணெய்ப்பசை உள்ள மரம் என்பதால் துளையை அசிட்டோனால் துடைத்தோம். பசை உள்ளே ஏறிவிடாதபடி, உருளைக்கிழங்கு வில்லையில் குழலின் வாயை அழுத்தி அடைத்தோம். ராளத்தையும் இறுக்கியையும் அட்டையின்மேல் சமமாகப் பிதுக்கி நன்றாகக் குழைத்து, குழலின் மேலும் துளையின் உள்ளும் தடவினோம். திருகித் திருகி உள்ளே தள்ளினோம். மூன்றாவது துண்டில் குழல் சற்று ஆழமாகப் போய்விட்டது. ஒரு குச்சியால் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினோம், சொன்னபடி கேட்டது. அப்போதுதான் எங்களில் மூத்தவள் இரண்டு நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

காய்வதற்கு ஓர் இரவு காத்திருந்தோம். அட்டையில் மிஞ்சிய பசையை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துபோய் விரலால் தொட்டுப் பார்த்தோம். பாகங்கள் பிரிந்து போன நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே கூரையின்கீழ் இவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். கோடு வளைந்ததற்காக ஒரு பக்கத்தையே தாத்தா மறுபடி எழுதியது, தடி காணாமற்போன நாளில் அதை ஒளித்துவைத்தது யார் என்பது போன்ற வழக்குகள் பலவும் தீர்ந்தன. நொடிப்பசையில் வேலை முடிந்திருந்தால் சாயங்காலப் பேருந்துக்கே கிளம்பியிருப்போம்.

விடிந்ததும் முனைகளைப் பித்தளை பளிச்சிடும்வரை செதுக்கிச் சமன்செய்து, ஆசாரியிடம் கொடுத்தோம். நான்கும் ஒரு சில்லும் பெயராமல் கடைசலுக்கு நின்றன. இரண்டு பேனாக்கள் முழுவதும் ஈட்டி. மூன்றாவதற்கு, நொடிப்பசையில் ஒட்டிய முதல் துண்டு கீழே. ஒத்திகைக்கு எடுத்த வேம்பு மேலே. அது யாருக்கு என்ற பேச்சே எழவில்லை. எங்களில் இளையவன் எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். ஓர் ஐப்பசி கடந்துவிட்டது, ஒட்டு இன்னும் விடவில்லை. ஆனாலும் அதைக் கீழே போட்டுவிடாமல் கவனமாகவே இருக்கிறான்.

தமக்குரிய பேனாவை வாங்கிய அம்மா உடனே எழுதிப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தாளில் அதைப் படுக்கவைத்து உள்ளங்கையால் உருட்டினார். அரைச்சுற்றில் கிளிப் தடுத்தது. அதன் பிறகே எடுத்துத் தலையைத் திருகினார்.