காகிதத்தில் வந்த கவுன்

பலமனேரில் துணி தைக்கக் கொடுப்பதென்றால், அளவுக்காகப் பழைய சட்டை ஒன்றையும் உடன் எடுத்துச் செல்வது வழக்கம். தையற்காரர் அதைப் பலகைமேல் விரித்து, புதுத்துணியில் நேரே சாக்குக்கட்டியால் கோடிட்டுக் கத்தரித்துவிடுவார். காகிதத்திற்கு அங்கே வேலையில்லை. மார்புச் சுற்றளவில் நாலில் ஒரு பங்கு, அதன்மேல் இவ்வளவு தளர்ச்சி என்னும் கணக்கெல்லாம் அவர் கையிலேயே இருக்கிறது. கடையில் பேசுவது தெலுங்கு. தையலுக்கு அவர்கள் சொல் 'குட்டு', அளவுக்குக் 'கொலத'. குடியாத்தத்திலிருந்து நாங்கள் இங்குக் குடிவந்த புதிதில் இவ்விரண்டும் குத்தும் கொலையுமாகக் காதில் விழுந்து சிரிப்பை மூட்டியதுண்டு.

அந்தக் கைக்கணக்கில் எங்களுக்கு மதிப்பு மிகுதி. எனினும் எங்கள் மகள் விஷயத்தில் அது பயன்படவில்லை. பதினேழு வயதாகும் அவளுக்கு முதுகெலும்பு சற்றே பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. வலத்தோள் இடத்தோளைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கும். அறுவைச் சிகிச்சை வேண்டாமென்று மருத்துவர் கூறியது எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் எந்தச் சட்டையும் அவள்மேல் ஒருபுறம் சரிந்தே தொங்கியது. கடையொன்றில் அளவெடுத்தவர் நாலுபேர் நடுவே, "உடம்பு கோணல், துணியை ஏன் குறை சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். அதன்பின் அவள் துப்பட்டாவைத் தோள்மேல் இழுத்து மூடாமல் வாசற்படி தாண்டியதில்லை. உறவில் இரண்டு திருமணங்கள் நடந்தன. இரண்டிற்கும் அவள் வரவில்லை. பெங்களூரில் கல்லூரிப் படிப்புத் தொடங்க மூன்று மாதமே இருந்தது.

இந்நிலையில்தான் அவளே காகித வெட்டு ஒன்றை விலைக்கு வாங்கலாமா என்று கேட்டாள். மேனாட்டில் இது பழைய வழக்கம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் 1863-இல் பலவித அளவுகளில் காகித வெட்டுகளை விற்கத் தொடங்கினார். ஜெர்மனியில் ஏன்னே புர்தா அம்மையார் 1950-இல் தொடங்கிய பத்திரிகை, வெட்டுத் தாள்களாலேயே புகழ் பெற்றது. இன்றோ பெரிய கம்பெனிகளைச் சாராமல், தனியொருவராகவோ இருவர் மூவராகவோ இருந்து உடை வரைந்து கணினி வழியே விற்பவர் பலர். பணம் கட்டினால் வெட்டு கோப்பாக வருகிறது. நாமே ஏ4 தாள்களில் அச்செடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். நாங்கள் வாங்கிய வெட்டின் விலை, இங்கே ஒரு கவுனுக்கு வாங்கும் தையற்கூலியைவிட மிகுதி. வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தனர், சுளித்தது நியாயமே.

அச்சிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதற்பக்கத்தில் ஒரு சதுரம் இருக்கும். அது சரியாகப் பத்துச் சென்டிமீட்டர் இருக்கிறதா என்று அடிக்கோல் வைத்துப் பார்த்த பிறகே மற்றப் பக்கங்களை அச்சிட வேண்டும். தாளுக்கேற்பச் சுருக்கும் வசதியை இயந்திரத்தில் விட்டுவைத்தால் நூற்றுக்கு மூன்று பங்கு குறைந்துவிடக்கூடும். நாற்பதங்குல மார்பளவில் அஃது ஓர் அங்குலத்துக்கு மேல்!

தாள்களை ஒட்டித் தரையில் விரித்ததும், எங்கள் நாத்தனார் (வேலூரில் அரசாங்கத் தையல் தேர்வு எழுதித் தேறியவர்) கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதில் பாதி உடம்புதானே இருக்கிறது?" என்றார். உண்மைதான். துணியை இரண்டாக மடித்து, மடிப்பின்மேல் காகிதத்தை வைத்து வெட்டும்படி வரைந்திருந்தார்கள். இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் அப்படியே என்பது வரைந்தவரின் நம்பிக்கை. நம் தையற்காரரின் நம்பிக்கையும் அதுவே. எல்லாச் சட்டைகளும் அவள்மேல் சரிந்ததன் காரணம் அன்றுதான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

பழுப்புக் காகிதத்தில் முழு உடம்பாக, இட வலம் தனித்தனியே பிரதி எடுத்தோம். வலப்புறத்தில் கழுத்தோரத்தை அப்படியே விட்டு, தோளின் வெளிமுனையை மட்டும் ஓர் அங்குலம் இறக்கினார் நாத்தனார். கைக்குழியின் அடியையும் அதே அளவு இறக்கினார். அப்படிச் செய்யாவிடில் குழி சிறுத்து, கை பொருந்தாது. பிறகு மலிவான காடாத் துணியில் நீளத் தையல் போட்டு ஒத்திகை பார்த்தோம். தோள் அமர்ந்தது, கீழ் ஓரம் மட்டும் ஏறியிறங்கி நின்றது. இடுப்பும் ஒருபுறம் உயர்ந்திருப்பதே காரணம். அவளை நிற்க வைத்து, தரையிலிருந்து அடிக்கோலால் அளந்து சுற்றிலும் புள்ளி வைத்தோம்.

கவுனுக்கு எடுத்தது மங்களகிரிக் கைத்தறி. வெட்டில் கண்ட துணிக்கணக்கு அறுபதங்குல அகலத்திற்கானது. நம் தறித்துணி அவ்வளவு அகலம் வராது. ஆகவே ஒரு கெஜம் கூடுதலாக வாங்கினோம். தையலுக்கென ஓரத்தில் முக்காலே அரைக்கால் அங்குலம்கூட விடாமல், வெறும் முக்கால் விரற்கடைதான் விட்டிருந்தார்கள். பக்கத் தையல்களில் நம்மூர் வழக்கப்படி ஓர் அங்குலம் விட்டோம். வளரும் பெண்ணுக்குப் பிரித்துத் தைக்க இடம் வேண்டாமா? இருபுறமும் பை வைக்கச் சொல்லியிருந்தது. இவ்வளவு காலம் நம் பெண்களின் உடையில் பை இல்லாமல் போனதற்கு என்ன நியாயம் உண்டோ, எங்களுக்கு விளங்கவில்லை.

வெட்டியதும் மிதி இயந்திரத்தில் தைத்ததும் மகளே. நாலு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஆவணியில் சித்தூரில் நடந்த ஒரு நிச்சயதார்த்தத்திற்கு அதை உடுத்திக்கொண்டு வந்தாள். துப்பட்டா வீட்டுக் கொடியிலேயே கிடந்தது. அவளும் அதைப்பற்றிப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த வீட்டு அக்காள் அந்தக் காகிதத்தைக் கேட்டார்கள். விற்றவர் ஒரு வீட்டின் உபயோகத்திற்கென்றே விற்றிருக்கிறார். தனியாளாக அதைக்கொண்டே பிழைப்பவரும்கூட. பிரதியெடுத்துத் தெருவெல்லாம் கொடுக்க எங்களுக்கு மனமில்லை. இல்லையென்று சொல்லவும் நாவெழவில்லை. நாத்தனார்தாம் வழி கண்டார். அக்காள் மகளுக்கு அளவெடுத்து, தேர்வுக்குப் படித்த முறைப்படி தாமே புதிதாக வரைந்து கொடுத்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதற்குக் காடாத் துணி வெட்டுகிறோம்.