வடைக் கணக்கு

மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய ஊரில் குடியிருக்கிறேன். மனிதன் நூறாண்டு வாழ வழி சொல்லி நூல் எழுதியவர் அவர். பல ஆண்டுகள் நாட்குறிப்பும் எழுதியவர். அந்த ஊரில், என் 46-வது வயதில், டாக்டர் சொன்னார்: "சர்க்கரை வாசற்படியில் நிற்கிறது. பத்துக் கிலோ குறையுங்கள்." என் தகப்பனாரிடம் அது வாசற்படியோடு நிற்கவில்லை, ஒரு காலையும் கொண்டுபோயிற்று. ஆகவே பயந்தேன்.

என் பெண் கைப்பேசியில் 'நியூட்ரிஃபை இந்தியா நவ்' என்ற செயலியைப் போட்டுக் கொடுத்தாள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2019-ல் வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் பூர்வீகம் நம் குன்னூர்தான். 1918-ல் அங்கே ஓர் அறையில் பிறந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போயிற்று. அதனால்தானோ என்னவோ, இட்லியும் தோசையும் அதற்குப் புதிதல்ல. தின்றதைச் சொன்னால் கலோரிக் கணக்கைச் சொல்லிவிடும்.

ஒரு மாதம் எழுதினேன். கணக்கு அழகாகத்தான் இருந்தது. எடை மட்டும் அசையவில்லை.

"இந்த யந்திரம் பொய் சொல்கிறது" என்றேன்.

"கதை எழுதுகிறவர் யார்? அதுவா, நீங்களா?" என்றாள் மனைவி.

குட்டு உடைந்தது. மாலை நாலு மணிக்கு ரயில் நிலையத்தருகே டீக்கடையில் தின்னும் இரண்டு மசால் வடைகளை நான் எழுதவே இல்லை! ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளர்களும் அங்கே தின்கிறார்கள். அவர்கள் எட்டு மணி நேரம் நின்று உழைத்தவர்கள். நானோ நாற்காலியை விட்டு எழாதவன். ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கே 45 கலோரி.

மறுநாள் முதல் வடையையும் எழுதினேன், வெட்கத்தோடு. மூன்று வாரம் கழித்துப் பட்டியலைப் பார்த்தால், வடை தின்ற நாட்களெல்லாம் தொடர்கதை அத்தியாயம் நகராமல் நின்ற நாட்கள்! பசிக்காகத் தின்னவில்லை, கதாநாயகிக்கு வழி தெரியாமல் தின்றிருக்கிறேன். டாக்டருக்கும் தெரியாது, செயலிக்கும் தெரியாது. உண்மையை எழுதியதால் எனக்குத் தெரிந்தது.

இப்போது அத்தியாயம் சண்டித்தனம் செய்தால் ஸ்டேஷன் வரை நடந்து, சர்க்கரை போடாத டீயோடு திரும்புகிறேன். மூன்று கிலோ குறைந்திருக்கிறது. நேற்று மட்டும் ஒரு வடை தின்றேன்.

அதையும் எழுதிவிட்டேன்.