ஒரு வட்டம் தவறினால்

உங்கள் இல்லத்தில் எட்டாம் வகுப்பில் பயிலும் பிள்ளை ஒன்று இருக்குமானால், இக்கட்டுரையைச் சற்றுப் பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறோம். நாம் செய்த ஒரு பிழையைப் பற்றியே இதில் எழுதுகிறோம். தன் பிழையைத் தானே எழுதுவது இனிமையான வேலையன்று. ஆயினும் நம்மால் ஒரு குழந்தைக்கு நேர்ந்தது இன்னொரு குழந்தைக்கு நேராதிருக்க இது உதவுமானால், அந்தச் சங்கடத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கணித ஆசிரியராய் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் நாம். ஓய்வுக்குப் பின்னர், அஸருக்கும் மக்ரிபுக்கும் இடைப்பட்ட வேளையில், நம் வீட்டுத் திண்ணையில் பதினொரு பிள்ளைகளை அமர்த்தி ஒரு தேர்வுக்குப் பயிற்சி அளிக்கலானோம். தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித் தொகைத் தேர்வு என்பது அதன் நீண்ட பெயர். பிள்ளைகள் அதனை ‘ஸ்காலர்ஷிப் பரீட்சை’ என்பார்கள்.

எட்டாம் வகுப்போடு ஏழைப் பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடுவதைத் தடுக்கவே மத்திய அரசு இத்திட்டத்தை 2008இல் தொடங்கிற்று. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயில்வோர் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. தேர்வு பெற்றோர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வழங்கப்படுகிறது. நான்காண்டுகளில் 48,000 ரூபாய்! நாடு முழுமைக்கும் ஆண்டுதோறும் ஓர் இலட்சம் பிள்ளைகள்; அவற்றுள் தமிழகத்தின் பங்கு 6,695.

தேர்வு இரு தாள்களைக் கொண்டது. ஒன்று மனத்திறன், மற்றொன்று படிப்பறிவு. ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள், 90 நிமிடங்கள். ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம்! இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கு நாற்பது பெற்றால்தான் பெயர் கணக்கில் சேரும். பட்டியல் மற்றும் பழங்குடிப் பிரிவினர்க்கு முப்பத்திரண்டு போதும். படிப்பறிவுத் தாளுக்கு அறிவியல், சமூக அறிவியல், கணிதம் ஆகியவற்றின் பாடநூல்கள் இருக்கின்றன. மனத்திறனுக்கோ பாடநூல் இல்லை. ஆதலால் நாமும் அதிலேயே மிகுந்த கவனம் செலுத்தினோம்.

அப்பதினொருவருள் ஒரு சிறுமி இருந்தாள். வாப்பா தள்ளுவண்டியில் பழம் விற்பவர். உம்மா வீட்டிலிருந்தே துணி தைப்பவர். மூத்த சகோதரி எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். இவளுக்கும் அவ்வாறே ஆகும் என்பது அவ்வீட்டில் பேசாமலே முடிவாகியிருந்தது. “ஸ்காலர்ஷிப் கிடைத்தால் படிக்கட்டும்” என்று வாப்பா சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டுதான் அவள் நாள் தவறாமல் வந்தாள்.

உறவு முறைக் கணக்கு நடத்திய நாளொன்று இன்றும் நினைவிலிருக்கிறது. “என் தாயின் சகோதரருடைய மனைவி என் தந்தைக்கு என்ன உறவு?” என்று கேட்டோம். “கூடப்பிறந்த தங்கச்சி ஸார்” என்றாள் சட்டென்று. பிள்ளைகள் சிரித்தனர். அவள் முகம் சுருங்கிற்று. விசாரித்தபோதுதான் விளங்கியது, அது பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். அவளுடைய தாய்மாமனின் மனைவி மெய்யாகவே அவள் வாப்பாவின் தங்கை. அவள் வீட்டில் அந்த விடை சரி, வினாத்தாளில் தவறு! “வினா எதைச் சொல்கிறதோ அதை மட்டும் நம்ப வேண்டும், வீட்டை வாசலில் விட்டுவிட்டு வினாவுக்குள் வா” என்றோம். அதற்குப் பின் அவள் அவ்வகை வினாவில் பிழைசெய்ததில்லை.

இன்னொரு நாள் கண்ணாடிக் கடிகாரம் பற்றியது. கண்ணாடியில் 3.40 எனத் தெரியும் கடிகாரத்தில் உண்மையான மணி என்ன? 11.60 என்று எழுதி, அதில் 3.40ஐக் கழித்தால் விடை 8.20. எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் சொல்லித் தரும் குறுக்கு வழி இது. “ஏன் ஸார் பதினொன்று அறுபது?” என்று கேட்டாள். “அதைப் பிறகு பார்க்கலாம், இப்போது போட்டுப் பழகு” என்றோம். கணித ஆசிரியர் சொல்லத்தக்க விடையா அது? மறுநாள் அவளே வந்து சொன்னாள்: வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, அலமாரிக் கண்ணாடியின் முன் பிடித்து, முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். “இரண்டையும் கூட்டினால் எப்போதும் பன்னிரண்டு வருது ஸார். கழிப்பதற்கு வசதியாகத்தான் பன்னிரண்டைப் பதினொன்று அறுபது என்று எழுதுகிறோம்.” நாம் சொல்லாமல் விட்டதை அக்குழந்தை தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டது.

இவ்வாறாகக் கடினமானவற்றையெல்லாம் கற்றுத் தந்தோம். எளிதென்று எண்ணிய ஒன்றைக் கற்றுத் தரவில்லை. அதுவே நம் பிழை.

இத்தேர்வில் விடைகளை எழுதுவதில்லை. தனித்தாளொன்றில் ஒவ்வொரு வினா எண்ணுக்கும் எதிரே நான்கு வட்டங்கள் இருக்கும். சரியான வட்டத்தைப் பேனாவால் கருமையாக்க வேண்டும். எந்திரம் அதனைத் திருத்தும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லையாதலால், எந்த வட்டத்தையும் வெறுமையாக விட வேண்டியதில்லை. இவற்றை வாயால் சொன்னோம். “கடினமான வினாவில் நேரத்தைப் போக்காதே, தாண்டிச் செல்” என்றும் பன்முறை சொன்னோம். ஆனால் வினாவைத் தாண்டும்போது விடைத்தாளில் அதன் வரிசையையும் தாண்ட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. இது கூடவா தெரியாது என்று எண்ணினோம். வட்டத்தாளை அச்சிட்டுக் கையில் தந்து ஒரு நாளேனும் பழக்கினோமா? இல்லை. நோட்டுப் புத்தகத்தில் விடை எழுதச் செய்தே அத்தனை மாதங்களையும் கழித்தோம்.

முடிவுகள் வந்தன. பதினொருவருள் மூவர் தேர்வு பெற்றனர். அச்சிறுமியின் பெயர் இல்லை. படிப்பறிவில் நல்ல மதிப்பெண், மனத்திறனில் 29.

மறுநாள் அவளுடைய உம்மம்மா நம் வாசலில் வந்து நின்றார். “வாத்தியார் தம்பி, பிள்ளைக்குப் படிப்பு ஏறலையாமே? நீங்க இத்தனை பாடுபட்டும் ஏறலைன்னா அல்லாஹ் நாடலை, வேறென்ன? வாப்பா தையல் பழகட்டும்னு சொல்லிட்டான்” என்றார். அவர் குறை சொல்ல வரவில்லை; நன்றி சொல்ல வந்திருந்தார். அதுதான் நம்மைச் சுட்டது.

சிறுமியை அழைத்துக் கேட்டோம். வெகு நேரம் பேசவில்லை. பிறகு அழுதுகொண்டே சொன்னாள். ஏழாம் வினா கடினமாயிருந்ததாம். நாம் சொன்னபடியே தாண்டினாளாம். எட்டாம் வினாவின் விடையை ஏழாம் வரிசையில் கருமையாக்கிவிட்டாள். அன்று தொட்டதெல்லாம் ஒரு வரிசை மேலேயே சென்றிருக்கிறது. கடைசி வினாவை முடித்தபோது தொண்ணூறாம் வரிசை வெறுமையாய்க் கிடந்தது. அப்போதுதான் கண்டாள். மணியடிக்க இரண்டு நிமிடங்களே இருந்தன. பேனா மையை அழிக்க வழியில்லை. வெளியில் வந்து ஒருவரிடமும் சொல்லவில்லை. “நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று சொல்லவில்லை ஸார்” என்றாள்.

அவள் வினாத்தாளில் விடைகளைக் குறித்து வைத்திருந்தாள். வெளியிடப்பட்ட விடைக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தோம். 89 வினாக்களுள் 68 சரி.

அன்றிரவே அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். வாப்பாவையும் உம்மம்மாவையும் அமரச் செய்து, வரிசை வரிசையாய்க் காட்டினோம். “பிள்ளைக்குப் படிப்பு ஏறாமலில்லை, சொல்லிக் கொடுத்தவர் ஒன்றை விட்டுவிட்டார். தவறு நம்முடையது” என்றோம். வாப்பா நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதைச் சொன்னால் பணம் தருவார்களா ஸார்?” என்று கேட்டார். தரமாட்டார்கள் என்றோம். எந்திரம் பார்ப்பது வட்டத்தைத்தான். குழந்தையின் அறிவை அன்று.

உம்மம்மாதான் முதலில் வாய் திறந்தார். “அப்போ புள்ளைக்குப் படிப்பு வரும்?”

“வரும் லாத்தா.”

“அப்படின்னா ஒரு வருஷம் போகட்டும்டா” என்றார் மருமகனைப் பார்த்து. வாப்பா மறுக்கவில்லை, சம்மதமென்றும் சொல்லவில்லை. ஆனால் பள்ளி திறந்த நாளில் அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். 48,000 ரூபாய் போனது போனதுதான்; ஒவ்வோர் ஆண்டும் அந்த வீட்டில் இக்கேள்வி மீண்டும் எழும் என்பதையும் நாம் அறிவோம். பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு என்று ஒன்று உண்டு. 2022 முதல் நடைபெறுகிறது. 1,500 பிள்ளைகளுக்கு இரண்டாண்டுகள் மாதம் 1,500 ரூபாய். அதற்கு அவள் இப்போதே ஆயத்தமாகிறாள்.

பெற்றோர்க்கு இரண்டொரு வார்த்தை. வருமானச் சான்றிதழைக் கடைசி நேரம் வரை தள்ளிப் போடாதீர்கள். பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டிலும் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் ஒரே எழுத்தில் இருக்கின்றதா என்று பாருங்கள். முஹம்மது, முகம்மது, முகமது என்று ஒரே பெயரை மூன்று விதமாய் எழுதிவைப்பது நம் வீடுகளில் வழக்கம். உதவித்தொகைக்குப் பதியும்போது அது பெருந்தடையாகிவிடும். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு அறுபது பெற்றால்தான் தொகை தொடரும் என்பதையும் மறவாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியலில் பெயர் இல்லையென்றால், பிள்ளைக்கு அறிவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். என்ன நடந்ததென்று முதலில் கேளுங்கள்.

இவ்வாண்டு நம் திண்ணையில் பதினான்கு பிள்ளைகள். முதல் நாள் கணக்கேதும் நடத்தவில்லை. ஆளுக்கொரு வட்டத்தாளும் பேனாவும் தந்தோம். பாடம் சொன்னவளும் நாமல்லோம். அந்தச் சிறுமியே வந்து முன்னே நின்றாள். “ஏழாவது கேள்வி தெரியலைன்னா ஏழாவது வட்டத்தையும் விட்டுடணும். பத்துக் கேள்விக்கு ஒரு தடவை நம்பரைச் சரிபாருங்க” என்றாள். ஒரு சிறுவன், “நீங்க எத்தனை மார்க் லாத்தா?” என்று கேட்டான்.

“இருபத்தொன்பது” என்றாள் அவள், தலைகுனியாமல்.