அழகுக்கு நாட்டும் அத்தியினம்

ஆல் என்னும் பெயர் அம்முச் சாரியை பெற்று ஆலங்கோடு என முடியும் என்னும் தொல்காப்பிய விதியை நம் மாணாக்கர் தடையின்றி ஒப்புவிப்பர். வெளியே அழைத்துச்சென்று, ஆலிலை எது, இத்தியிலை எது என்று யான் வினவினாலோ பலரும் திகைப்பர். சொல்லறிந்தும் பொருளறியாக் கல்வி நிறைவுடையதாகாது. விழா நினைவாக வளாகத்தில் அழகுமரம் நாட்டப் பழைய மாணவர் விழையும் இவ்வேளையில் அவ்வறிவு பெரிதும் வேண்டப்படுவதாகும். அவர்களுட் பலர் விரும்புவது, சாடிகளில் விற்கப்படும் பெஞ்சமினா என்னும் அத்தியினமாகும்.

இது ஆல், அரசு, அத்தி, இத்தி என்பவற்றின் உறவுமரம். இவையாவும் ஒடித்தாற் பால் கசியும். குருத்தை மூடிய உறை உதிர்ந்தபின் கொம்பைச் சுற்றி மோதிரம்போல் வடு நிற்கும். அரசிலை நெஞ்சுவடிவமும் வால்போல் நீண்ட நுனியும் உடையது. ஆலிலை அகன்று தடித்தது. பெஞ்சமினாவின் இலையோ சிறிது, பளபளப்பானது, கூர்நுனியது. அதன் இளங்கொம்புகள் தாழ்ந்து தொங்கும்.

அருமையாய் நிகழ்வதை 'அத்தி பூத்தாற்போல' என்கின்றோம். அத்தி பூவாத மரமன்று. நாம் காயென்று கருதுவதன் உள்ளேதான் நுண்பூக்கள் நிறைந்துள்ளன. நுனித்துளை வழியே நுழையும் சிறுகுளவி மகரந்தஞ் சேர்க்கும். அக்குளவி ஒவ்வோர் இனத்துக்கும் பெரும்பாலும் வெவ்வேறானது. அஃதில்லாவிடத்து முளைக்கும் விதை கிடையாது. ஆதலின் பெஞ்சமினாவைக் கொம்பு நட்டும் பதிவைத்தும் பெருக்குவர். அதற்கு நல்லொளியும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். இடம் மாற்றியவுடன் இலையுதிர்த்தல் அதன் இயல்பு, பட்டதென்று பிடுங்கற்க. பெரும்பாலும் மீளத் தளிர்க்கும்.

சாடியில் முழங்காலளவு நிற்கும் இக்கன்றின் முழுவளர்ச்சியைப் பேராதனைப் பூங்காவின் புற்றரையில் யான் கண்டுள்ளேன். ஒரு வகுப்பன்று, பல வகுப்புகள் அமரத்தக்க நிழல் அதன்கீழ் இருந்தது. நிழலின் விரிவுக்கேற்ப வேரும் விரியும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகளும் கிணற்றுக்கட்டின் இடுக்குகளும் அவ்வேருக்கு வழியாகும். பறவையெச்சத்தில் முளைத்த அரசு கோயில்மதிலைப் பிளப்பதை நாம் கண்டதில்லையா?

ஆதலின் அன்பர்க்கு யான் விடுக்கும் வேண்டுகோள் இதுவே: வகுப்பறைச் சுவரோரமும் கிணற்றடியும் இதற்கு உரிய இடமல்ல. விளையாட்டுமைதானத்தின் எல்லையில், கட்டடத்துக்கும் கிணற்றுக்கும் 50 அடியேனும் விலகி நாட்டுக. அருகே ஓர் ஆலும் ஓர் இத்தியும் நிற்கட்டும். சாரியை விதியை இனி அம்மரங்களின் அடியிலிருந்தே கற்பிப்பேன்.