கிடந்த இடத்திலிருந்து

காங்கேசன்துறையைச் சொந்த ஊராகக் கொண்ட ஒருவன் கோல்ப் விளையாட்டைப் பற்றிக் கட்டுரை வரையப் புகுவது நண்பர் சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். கிட்டியும் கிளித்தட்டும் ஆடி வளர்ந்தவன் நான். பனைமட்டையைத் துடுப்பாக்கிக் கிரிக்கெட் ஆடியதும் உண்டு. கோல்ப் என்பது, நான் அறிந்தவரையில், தொப்பியணிந்த கனவான்கள் தொலைக்காட்சித் திரையில் ஓசையின்றி உலாவும் ஒரு காட்சி, அவ்வளவே. ஆயினும் சென்ற ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஒருநாள், றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் திடலில் பதினெட்டுக் குழிகளையும் நடந்து முடித்தேன். அவற்றுள் பின் ஒன்பதில் நானே ஆடவுஞ் செய்தேன். அந்த ஒன்பது குழிகளுக்கும் நான் எடுத்த அடிகளின் தொகையை இப்பொழுதே கூற மனம் துணியவில்லை. கட்டுரை முடியுமுன் கூறிவிடுகிறேன்.

என்னை அங்கே அழைத்துச் சென்றவர் என் பெரியப்பா. 1984ஆம் ஆண்டில், தமது இருபத்திரண்டாவது வயதில், ஊரை விட்டு இலண்டன் சென்றவர். அங்கே நாற்பது வயதுக்கு மேல் இவ்விளையாட்டைக் கற்றுக்கொண்டாராம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் சென்ற ஆண்டு வந்து, வெள்ளவத்தையிலே உறவினர் வீடொன்றில் சில மாதங்கள் தங்கியிருந்தார். கழகத்தில் அங்கத்தவரான அவருடைய பழைய நண்பர் ஒருவரின் விருந்தினராக நாங்கள் சென்றோம். அதற்கு முன் மூன்று வாரம், விரிவுரைகள் முடிந்த மாலை வேளைகளில், பயிற்சித் திடலிலே பந்தடிக்க எனக்குக் கற்பித்தார். புவியியல் பயிலும் ஒரு கலைப்பீட மாணவன்மீது அவர் திடீரென இத்துணை அக்கறை கொண்டது ஏன் என்று நான் அப்பொழுது ஆராயவில்லை.

விளையாட்டை அறியாதார்க்கு ஒரு சொல். ஏறத்தாழ நாற்பத்தாறு கிராம் நிறையுள்ள ஒரு சிறு பந்து. நாலேகால் அங்குல விட்டமுடைய ஒரு குழி. இரண்டுக்கும் இடையே சில வேளை நானூறு யார் தூரம். மிகக் குறைந்த அடிகளிற் பந்தைக் குழியுட் சேர்ப்பவன் வெல்வான். இத்தகைய பதினெட்டுக் குழிகளை ஆடி முடிக்க நான்கு மணிநேரத்துக்குமேல் ஆகும். இடையே மரமும் நீரும் மணற்குழியும் உயர்ந்த புல்லும் மறித்து நிற்கும்.

இவ்விளையாட்டின் பிறப்பிடம் ஸ்கொட்லாந்தின் கடற்கரை. உழவுக்கு உதவாத மணற்புற்றரைகள் அங்கே கரையோரமாக உள்ளன. அவற்றை 'லிங்ஸ்' என்பர். ஆடு மேயவன்றி வேறெதற்கும் பயன்படாத அந்நிலத்திலேதான் மக்கள் பந்தை உருட்டி ஆடத் தலைப்பட்டனர். 1744இல் எடின்பரோவை அடுத்த லீத் என்னும் ஊரில் பதின்மூன்று விதிகள் எழுதப்பட்டன. பேரரசு சென்ற இடமெல்லாம் விளையாட்டும் உடன் சென்றது. 1829இல் கல்கத்தாவிலும் 1879இல் கொழும்பிலும் கழகங்கள் தோன்றின. கொழும்பில் முதலிற் காலிமுகத் திடலிலே ஆடினர். 1896இல் பொரளைப் பக்கத்துக்குப் பெயர்ந்தனர். அக்காலத்துத் தேசாதிபதியின் பெயரால் அத்திடலுக்கு 'றிட்ஜ்வே லிங்ஸ்' என்று பெயரிட்டனர். கடலோ மணல்மேடோ அங்கே இல்லை. பெயர் மட்டும் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தது. திடலுக்குச் செல்லும் வீதியின் பெயர் மாதிரிப் பண்ணை வீதி. ஒன்றுக்கும் உதவாத நிலத்திற் பிறந்த விளையாட்டு, வெப்ப நாட்டு நகரத்தில், பண்ணையின் பெயரைத் தாங்கிய வீதியில் வந்து குடியேறியது என்பதைப் புவியியல் மாணவன் கவனியாதிருத்தல் இயலுமா?

காலை ஆறரைக்கு ஆட்டம் தொடங்கியது. ஏப்பிரல் தொடக்கத்தில் சூரியன் கொழும்பின் நேர் உச்சியில் நிற்கும் காலம். எங்கள் ஊரிலும் வெயில் உண்டு. ஆயின் கடற்காற்று வியர்வையை உலர்த்திவிடும். கொழும்பின் வெப்பமோ ஈரத்துணியைப்போல உடலிற் படிந்து விலக மறுப்பது. எட்டு மணிக்குள் கையுறை நனைந்து, கோலின் பிடி வழுக்கத் தொடங்கிற்று. பெரியப்பா ஒவ்வோர் அடிக்கும் முன் கையைத் துவாயில் துடைத்தார், துவாயும் ஈரமே. முதல்நாட் பெய்த மழையில் தரை ஊறியிருந்தமையால், விழுந்த பந்து உருளாது விழுந்த இடத்திலேயே அமர்ந்துகொண்டது. உயர்ந்த புல்லுக்குட் சென்ற பந்தை வெளியே எடுப்பது, கொடியிற் சிக்கிய வாளியைக் கிணற்றிலிருந்து எடுப்பதுபோல் இருந்தது.

எங்கள் பைகளைச் சுமந்தவர் அறுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர். 'கெடி' என்று அவரை அழைத்தனர். சிங்களமும் தமிழும் கலந்து பேசினார். பந்து எந்தப் பக்கம் சாயும், மழைக்குப்பின் எந்தப் பள்ளத்தில் நீர் தேங்கும் என்பனவெல்லாம் அவருக்கு மனப்பாடம். "கொடியைப் பார்க்கவேண்டாம் தம்பி, புல் படுத்திருக்கிற பக்கத்தைப் பாருங்க" என்று என்னிடம் கூறினார். பெங்களூரில் இவ்வாறு பை சுமந்த சின்னசாமி முனியப்பா என்பவர் 2009இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார் என்று பின்னர் படித்தபொழுது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. நிலத்தை நடந்து அறிந்தவனுடைய அறிவு ஒரு தனி அறிவு.

ஏழாவது குழியை நோக்கி ஆடுகையில் பெரியப்பாவின் பந்து மரவேர்களுக்கிடையே போய் விழுந்தது. அவர் மட்டும் தனியே சென்றார். நாங்கள் தொலைவில் நின்றோம். சிறிது நேரத்தின்பின் திரும்பிப் பார்த்து, "பந்து காலிலை பட்டு அசைஞ்சு போச்சு. திருப்பி வைச்சிட்டன். ஓரடி கூட்டிக்கொள்" என்று உரக்கக் கூறினார். கணக்கெழுதும் அட்டை என் கையில் இருந்தது.

"ஒருத்தரும் காணேல்லையே, பெரியப்பா" என்றேன்.

"அதுக்குத்தான் சொல்லுறன். இந்த விளையாட்டிலை நடுவர் இல்லை, தம்பி. பந்து கிடந்த இடத்திலையிருந்துதான் அடிக்கவேணும். இல்லாட்டில் விளையாட்டே இல்லை."

அவ்விதி ஆட்டத்தின் ஆணிவேர் என்பதைச் சிறிது சிறிதாக உணர்ந்தேன். நல்ல புல்லில் விழுந்தாலும் பள்ளத்தில் விழுந்தாலும், கிடந்த இடத்துக்கு நடந்து சென்று, கிடந்தவாறே அடித்தல் வேண்டும். அடிக்க முடியாதென்று எடுத்து வேறிடத்தில் வைக்கவும் விதி இடந்தருகிறது. ஆனால் அதற்கு ஓர் அடி தண்டம்.

திடலின் ஊடாகக் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை செல்கிறது. வண்டி வரும்பொழுது ஆட்டம் நின்றுவிடும். அன்றும் நின்றது. வாயில்களில் தொங்கியவண்ணம் அலுவலகம் செல்வோர் எங்களைப் பார்த்தனர்; நாங்கள் அவர்களைப் பார்த்தோம். வண்டி சென்றபின்னும் பெரியப்பா பாதையையே நோக்கிக்கொண்டு நின்றார்.

"ஊரிலை யாழ்தேவி வந்து நிக்கிற சத்தம் எங்கடை வீட்டு விறாந்தைக்குக் கேக்கும்" என்றார். பின்னர், குரலை மாற்றாமலே தொடர்ந்தார்: "தம்பி, உன்னட்டை ஒரு விசயம் சொல்லவேணும். ஊர்க் காணியிலை என்ரை பாதியைக் குடுத்திடுவம் எண்டு நினைக்கிறன். விடுதி கட்டுறதுக்கு ஒருத்தர் கேக்கிறார். கொப்பருக்கு நீதான் பக்குவமாச் சொல்லவேணும்."

மூன்று வாரப் பயிற்சியின் காரணம் அக்கணத்தில் விளங்கிற்று.

அந்தக் காணியைப்பற்றி இங்கே சிறிது கூறல் வேண்டும். என் பாட்டனார் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1950இல் தொடங்கிய அத்தொழிற்சாலை 1990இல் ஓய்ந்தது. அதற்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த பெருங்குழிகள் நீர் நிரம்பி இன்றும் கிடக்கின்றன. அதே 1990இல் எங்கள் குடும்பமும் ஊரை விட்டு வெளியேறியது. நான் மல்லாகத்தில் ஒரு வாடகை வீட்டிற் பிறந்தவன். 2016இல், புகையிரத நிலையத்தை அண்டிய காணிகள் விடுவிக்கப்பட்டபொழுது, என் பதின்மூன்றாவது வயதில், எங்கள் நிலத்தை முதன்முதலாகக் கண்டேன். கூரையும் கதவும் இல்லை, சுவர்களுக்குள்ளே மரங்கள் நின்றன, கிணறு தூர்ந்திருந்தது. அதைத் தூர்வாரப் பதினொரு நாட்கள் சென்றன. தந்தையார் அன்றுமுதல் அந்நிலத்தில் இருக்கிறார். 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்குக் கப்பற் சேவை தொடங்கியபின் காணி விசாரித்து வருவோர் கூடிவிட்டனர் என்பது அவர் கூறும் செய்தி.

தேசவழமைச் சட்டம் பங்காளிக்கு முதலுரிமை அளிக்கிறது. ஒருவர் தம் பங்கைப் பிறருக்கு விற்குமுன் பங்காளிக்கு அறிவித்தல் வேண்டும். ஆனால் உரிமை இருந்து என்ன பயன்? விடுதிக்காரர் தரும் விலையைக் கொடுத்து வாங்கத் தந்தையாரிடம் பணமில்லை. இதைப் பெரியப்பாவும் அறிவார். அவர் கெட்டவரல்லர். என் தமக்கையின் திருமணத்துக்கும் என் படிப்புக்கும் பணம் அனுப்பியவர் அவரே. நாற்பது ஆண்டுகளாக அவருக்கு அந்நிலம் ஓர் உறுதித்தாளாகவே இருந்து வந்தது.

பின் ஒன்பது குழிகளையும் இந்தப் பாரத்துடனே ஆடினேன். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மணற்குழியுள் ஆறு அடி அடித்தேன். மணல் பறந்ததேயன்றிப் பந்து அசையவில்லை. ஏழாவதில் வெளியேறியது. அட்டையில் ஏழையும் எழுதினேன். பெரியப்பா பார்த்துக்கொண்டு நின்றார்; ஒன்றும் கூறவில்லை.

அன்றிரவு தந்தையாரிடம் தொலைபேசியிற் செய்தியைச் சொன்னேன். சினந்துகொள்வார் என்று அஞ்சியிருந்தேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அண்ணையை ஒருக்கா வந்து பாக்கச் சொல்லு. பாத்துப்போட்டு விக்கட்டும்" என்றார். அவ்வளவே. கோல்ப் கோலைக் கையால் தொட்டறியாத தந்தையார், அவ்விளையாட்டின் முதல் விதியைத் தம் தமையனாருக்குச் சொல்லியனுப்பியதாகவே எனக்குத் தோன்றியது.

ஓகஸ்ட் மாதத்திற் பெரியப்பா வந்தார். புகையிரதத்தில் வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்று, கடைசித் தரிப்பிடம்வரை வந்து இறங்கினார். தந்தையார் முன்னே நடந்தார். கொழும்பில் அந்தப் பெரியவர் நடந்ததுபோலவே, காலடியில் உள்ள நிலத்தைப் பார்த்து நடந்தார். கல் தெரியும் இடம், மண் ஆழமான இடம், மாரியில் நீர் நிற்கும் இடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பெரியப்பா கிணற்றடியில் நின்று, நீர் அள்ளி வாயில் வைத்து, "உப்புக் கூடிப்போச்சு" என்றார்.

எனது பாடப்புத்தகம் கூறுவதும் அதுவே. எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறும். கொழும்பிற் புற்றரையைப் பசுமையாக வைத்திருக்க வானமே துணைசெய்கிறது. எங்கள் கரையிலோ ஒரு விடுதியும் அதன் புற்றரையும் குடிக்கும் நீர் அயலவர் கிணறுகளிலிருந்தே வரவேண்டும். இதை நான் பெரியப்பாவிடம் கூறினேன். அவர் மறுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை.

ஒருநாள் தங்குவதாக வந்தவர் நான்கு நாட்கள் தங்கினார். மூன்றாம் நாள் மாலையில் நான் பனைமட்டை ஒன்றைச் சீவிக் கொடுத்தேன். அண்ணனும் தம்பியும் இடிந்த விறாந்தையின் முன் கிட்டி அடித்தனர். பெரியப்பா தோற்றார். தம்பி அளந்த அளவை பிழையென்று வாதாடவுஞ் செய்தார். கோல்ப் திடலிற் கண்ட கனவானை அப்பொழுது காணவில்லை.

உறுதி இன்னும் எழுதப்படவில்லை. அவருடைய பாதி அவர் பெயரிலேயே இருக்கிறது. விற்பாரோ, வைத்திருப்பாரோ, நான் அறியேன். விற்றால் அவரைப் பழிக்க எனக்கு நாவெழாது. ஆயினும் இலண்டனிலிருந்துகொண்டு அடிக்கும் அடியாக அது இராது. அவர் நடந்து வந்து, குனிந்து, கிடந்த நிலையைக் கண்டுவிட்டார்.

தொகையைக் கூறுவதாக வாக்களித்திருந்தேன். ஒன்பது குழிகளுக்கு எண்பத்து மூன்று அடிகள். நடுவர் எவரும் எண்ணவில்லை, நானே எண்ணினேன்.